ஓதற் பிரிவும் கடற் செலவும்

மக்கள் வாழ்க்கையிற் பிரிவு தவிர்க்கலாகாதது. உண்டற்கு உணவும், உடுத்தற்கு உடையும், கற்றற்கு நூலும் இருந்த இடத்திலேயே எல்லார்க்கும் கிடைத்தல் அரிது. ஆதலின் ஒருவன் தன் இல்லையும் ஊரையும் நீங்கி அயலிடத்துச் சின்னாள் வைகல் வேண்டியதாகின்றது. இவ்வுண்மையை நன்குணர்ந்த நம் முன்னோர், பிரிவினைப் புணர்தல் முதலிய ஏனை ஒழுக்கங்களோடு ஒப்ப வைத்துப் பாலை எனப் பெயரிட்டு, அதற்குப் பொழுதும் கால எல்லையும் வகுத்து இலக்கணஞ் செய்தனர்.

பனிக்காலம் நீங்கி வேனில் தலைகாட்டும் நாள்களில், நம் சோமனூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலுமிருந்து, கல்வியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் அயல்நாட்டுக்குப் புறப்படுவார் சிலரைக் காண்கின்றோம். தறியொலி ஓயாத வீடுகளினின்று கடல் கடந்து செல்லும் அம்மைந்தரையும் மகளிரையும் வழிவிடுங்கால், பெற்றோர் நெஞ்சில் உவகையும் அச்சமும் ஒருங்கே எழுகின்றன. “இது நம் மரபிற்கு ஒத்ததோ?” என வினவும் முதியோர் உளர். “போவார் போக, இருப்பார் என் செய்வர்?” என வினவுவாரும் உளர். இவ்விரண்டனுள் பின்னைய வினாவே பெரிதென்பது எம் துணிபு.

இவற்றிற்கு விடை காண்டற்கு, நம் கொங்குநாட்டு ஈரோட்டிற் பிறந்து, 1914 ஆம் ஆண்டுப் பங்குனித் திங்களிற் சென்னையிற் கப்பலேறிய கணிதப் பேரறிஞர் ஸ்ரீநிவாச இராமாநுஜனார் வரலாறு பெரிதும் துணைசெய்யும். அவர் நம் மரபினர் அல்லர். எனினும் அறிவுடையார் வரலாறு எல்லார்க்கும் பொதுவுடைமை. அவர்தம் கணிதத்தின் அருமையை உரைத்தல் எம்மாலியலுவதன்று. அது கணிதம் வல்லார் கடன். அவர் கடல் கடந்த செய்தியையும், அவர் பிரிவினால் விளைந்த இன்ப துன்பங்களையுமே ஈண்டு ஆராயப் புகுந்தாம்.

பிரிவின் இலக்கணம்

தொல்காப்பியனார் பாலைக்கு நண்பகலையும் வேனிலையும் பொழுதாகக் கூறினார். கூறியமையாது, பின்பனியும் அதற்கு உரியது என மேலும் ஒரு விதி வகுத்தார். பின்பனியாவது மாசியும் பங்குனியும் ஆம். வேனிலின் வெம்மை பிரிவுக்குப் பொருந்துதல் எளிதின் விளங்கும். நீரும் நிழலும் அற்ற வழி, செல்வான் துன்பத்தையும் அவனை நினைந்திருப்பாள் துன்பத்தையும் மிகுவிப்பது. பின்பனியை உடன் வைத்தது எற்றுக்கு? உரைகாரர் பிரிவினைக் காலிற் பிரிவு எனவும் கலத்திற் பிரிவு எனவும் இரண்டாகப் பகுத்துரைப்பர். நிலத்தின்கண் நடந்து செல்வது முன்னையது. மரக்கலம் ஏறிச் செல்வது பின்னையது. பின்பனிக்கும் கலத்திற் பிரிவுக்கும் உள்ள இயைபு காற்றின் இயல்பை நோக்குவார்க்குப் புலனாகும். அதனை அடுத்துக் காட்டுவாம்.

இனி, எதன்பொருட்டுப் பிரிதல் என்பதற்கு ஓதல், பகை, தூது, பொருள் முதலியன கூறப்பட்டன. இவற்றுள் ஓதலும் தூதும் உயர்ந்தோர்க்கு உரியன என்றார் ஆசிரியர். உயர்ந்தோர் என்பதற்குப் பிறப்பின்மேல் வைத்துப் பொருளுரைத்தாரும் உளர். அறிவாலும் ஒழுக்கத்தாலும் உயர்ந்தோர் என்று கொள்ளுதலே கல்வியின் இயல்பிற்கு ஏற்றதென்பது எம் கருத்து. கற்க விரும்பி வீட்டை விட்டு நீங்கும் உரம் உடையானே அவ்வளவில் உயர்ந்தோன் ஆகின்றானன்றோ?

கால எல்லையிலும் ஆசிரியர் கருத்தூன்றினார். அரசன் வினைமேற் சென்றோன் ஓராண்டினுள் மீளல் வேண்டும். ஓதற் பிரிவு மூன்றாண்டினைக் கடத்தல் ஆகாது. முந்நீர்ச் செலவில் மனைவியை உடன்கொண்டு போதல் இல்லை என்பதும் ஒரு விதி. முந்நீர் என்பதற்குக் கடல் எனப் பொருள் கொள்வாரும், வேறு பொருள் கூறுவாரும் உளர். கடல் எனக் கொள்ளின், கடல் கடந்து செல்லுதல் அந்நாளில் வழக்கிறந்ததன்று என்பதற்கு அவ்விதியே சான்றாகும். நிகழாத செயலுக்கு ஒருவரும் விதி வகுத்தல் இலர்.

நேயர்கள் இவ்விலக்கணத்தில் ஒரு நுட்பத்தைக் கருத்திற் கொள்க. பிரிந்து செல்வானை ஆசிரியர் தடுத்திலர். ஆயின் அவனை எல்லையின்றி விட்டாரும் அல்லர். வருங்காலம் எண்ணி ஒருத்தி காத்திருக்கின்றாள் என்னும் நினைவு அவ்வெல்லையின்கண் உறைந்து கிடக்கின்றது.

காற்றும் பருவமும்

ஐப்பசி கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவக்காற்றுச் சோழமண்டலக் கரையை மோதும். மழையும் புயலும் அப்பொழுது மிகுதி. சென்னையிற் செயற்கைத் துறைமுகம் அமையாத காலத்து, அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரையில் அக்கரையிற் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்றல் பேரிடர் எனக் கருதப்பட்டது. மேலைக்கரையிலோ ஆனி முதல் ஆவணி வரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் கடலைக் கலக்கும். இவ்விரு கலக்கத்திற்கும் இடையே, தை பிறந்தது முதல் பங்குனி முடியுங்காறும், இருகரைக் கடலும் பெரும்பாலும் அமைந்து கிடக்கும். பனி நீங்கும் பொழுது கலம் ஏறும் பொழுதாயினமைக்கு இதுவே காரணம் என்க.

மேலைக்கடலைக் கடந்து மேற்கே செல்வோர்க்கு வடகிழக்குக் காற்றே துணை. ஆதலின் அவர் சற்று முந்திப் புறப்பட்டனர். கி.பி. முதல் நூற்றாண்டினராகிய உரோமப் புலவர் பிளினி, முசிறி முதலிய துறைகளினின்று மீளும் கலங்கள் டிசம்பர்த் திங்களிலாதல், பிந்தினும் ஜனவரி நடுவிற்கு முன்னராதல் புறப்படும் என எழுதிவைத்தனர். அக்கலங்களுக்கும் நம் நாட்டிற்கும் தொடர்புண்டு. நம் நொய்யலாற்றின் கரையிலேயே கொடுமணல் இருக்கின்றது. அங்கே நிகழ்ந்த அகழ்வாராய்ச்சியில் இரும்புருக்கிய உலைகளும், கல்மணி செய்த இடங்களும், தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளும் வெளிப்பட்டன. படியூரின் பச்சைக்கல் மேனாட்டார் விரும்பி வாங்கியது. வெள்ளலூரிலும் கத்தாங்கண்ணியிலும் உரோமக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. கடலைக் கண்ணாற் காணாத கொங்கு நாட்டார், கடலுக்கு அப்பாலுள்ளாரோடு கொள்வன கொடுப்பன செய்து வாழ்ந்தனர் என்பது இவற்றாற் பெறப்படும்.

கீழைக்கடலிற் சென்றாரைப் பற்றியும் ஒன்று கூறுவாம். சுமத்திராத் தீவில் பாரூஸ் என்னும் ஊர்ப்பக்கத்தே, சக ஆண்டு 1010, அஃதாவது கி.பி. 1088 இற் பொறித்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அது திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழுவினரைச் சார்ந்தது. அங்கு வரும் மரக்கலத்தார் இன்ன முறையிற் பொன் செலுத்துதல் வேண்டும் எனக் கட்டளை வகுத்த கல்வெட்டு அது. தனியொருவனாய்ச் சென்றார் செயலன்று இது. குழுவாகக் கூடி, பொதுவிற் பொருள் தொகுத்து வாழ்ந்தார் செயல். சங்கம் வைத்து வாழும் நாம் இதனை ஊன்றி நோக்குதல் தகும்.

கடற்றடை

இங்ஙனம் இருந்த நாட்டிற் கடல் கடத்தல் குற்றம் என்னும் கொள்கை எங்ஙனம் புகுந்தது? வடமொழித் தரும நூல்களுள் ஒன்றாகிய பௌதாயனத்திற் கடற்செலவு சாதியினின்று வீழ்த்தும் செயல்களுள் ஒன்றாக வைத்தெண்ணப்பட்டது. அந்நூலே, வடநாட்டார் வழக்கங்களுள் ஒன்றாகவும் கடற்செலவைக் கூறுகின்றது. எனவே, விலக்கிய காலத்தும் அஃது ஒழிந்திலது என்பது தெளிவு. பிற்காலத்து நூல்கள் கலியுகத்திற் செய்யத்தகாதன எனத் தொகுத்த பட்டியலில், இருபிறப்பாளர் கடல் கடத்தலையும் சேர்த்துவிட்டன. நாளடைவில் அது பிற மரபினரிடத்தும் பரவி, உயர்வு வேண்டுவார் எல்லாரும் மேற்கொள்ளத்தக்க ஒழுக்கம்போலக் கருதப்படுவதாயிற்று.

ஆயினும் வறியோரை அத்தடை நிறுத்தவில்லை. 1860 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களிற் சென்னையினின்று புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பல், ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நவம்பர் 16 ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் உழைக்கச் சென்ற அவருள் தமிழர் பலர். இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கும் சென்ற தமிழர் தொகை மிகப் பெரிது. வயிற்றின் பொருட்டுச் சென்றார்க்கு இல்லாத தடை, கல்வியின் பொருட்டுச் செல்வார்க்கு இருந்தது. இது சிந்திக்கத்தக்கது.

சாதிக் கூட்டத்தார் இத்தடையை எங்ஙனம் செலுத்தினர் என்பதற்குக் காந்தியடிகள் வரலாறே போதிய சான்று. 1888 ஆம் ஆண்டில் அவர் சட்டம் பயில இங்கிலாந்து செல்லக் கருதிப் பம்பாயிற் காத்திருந்தபொழுது, அவர் மரபினராகிய மோத் வணிகர் கூட்டங்கூடி அவரை அழைத்து வினவினர். அவர் தம் கருத்தை மாற்றாமை கண்டு, அவரைச் சாதியினின்று விலக்கினர். அவருக்கு உதவி செய்வாரும், துறைமுகஞ் சென்று அவரை வழியனுப்புவாரும் ஒரு ரூபாய் நான்கணாத் தண்டம் இறுத்தல் வேண்டும் என்றும் விதித்தனர். அடிகள் அதனைப் பொருட்படுத்தாது அவ்வாண்டுச் செப்டம்பர் 4 ஆம் நாள் கப்பலேறினர். பெருங்கூட்டத்தின் ஆணை நூல்வேட்கை கொண்ட ஓர் இளைஞனை நிறுத்தமாட்டாது தோற்றது. எனினும் எல்லா இளைஞரும் அத்துணை உரம் உடையார் அல்லரே. எத்தனை பேர் அவ்வாணைக்கு அஞ்சி வீட்டிலேயே தங்கினர் என்பதை எக்கணக்கர் எழுதிவைத்தார்?

இராமாநுஜனார் புறப்பாடு

இராமாநுஜனார் 1887 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22 ஆம் நாள் ஈரோட்டில் தம் தாயைப் பெற்றோர் இல்லத்திற் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் அங்கு ஒரு துணிக்கடையிற் கணக்கெழுதுபவர். நெசவும் துணி வாணிகமும் வாழ்வாகக் கொண்ட நம் நேயர்கள், அக்குடும்பத்தின் வருவாய் எத்துணையது என்பதைத் தாமே ஊகித்துக்கொள்வர். கணிதம் ஒன்றிலேயே மூழ்கிய இராமாநுஜனார் கல்லூரித் தேர்வில் ஏனைப் பாடங்களில் தோல்வியுற்றார். 1909 ஆம் ஆண்டு ஜானகியம்மாளை மணந்தார். அம்மையார்க்கு அப்பொழுது அகவை பத்து. பின்னர் வேலை தேடி அலைந்து, 1912 ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் திங்களுக்கு 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார். கடலின் வாயிலிலே, வரும் கலமும் போம் கலமும் கண்முன் நிற்க, அவர் கணக்கெழுதியிருந்தார்.

1913 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 16 ஆம் நாள் அவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்னும் கணிதப் பேராசிரியருக்குத் தம் தேற்றங்களை எழுதி விடுத்தார். அவற்றின் அருமையுணர்ந்த ஹார்டி, அவரை இங்கிலாந்துக்கு வருவிக்க விரும்பினார். சென்னையில் இருந்த அதிகாரிகள் வாயிலாகக் கருத்துக் கேட்கப்பட்டபொழுது, இராமாநுஜனார் வர இயலாது என்றே விடையிறுத்தார். குலவொழுக்கமும் தாயின் மறுப்பும் அவரைத் தடுத்தன. அவ்வாண்டு மே முதல் சென்னைப் பல்கலைக்கழகம் திங்களுக்கு 75 ரூபாய் உதவி நல்க, அவர் சென்னையிலேயே ஆராய்ச்சி செய்துவந்தார்.

1914 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நெவில் என்னும் கேம்பிரிட்ஜ் ஆசிரியர் சென்னையிற் கணிதச் சொற்பொழிவு ஆற்ற வந்தார். இராமாநுஜனாரை எவ்வாற்றானும் இசைவிக்குமாறு ஹார்டி அவரிடம் சொல்லியிருந்தார். மறுமொழி முன்போலவே இருக்கும் என எண்ணி அஞ்சியே நெவில் வினவினார். இராமாநுஜனாரோ இசைந்துவிட்டனர். மனம் மாறியது எங்ஙனம்? அதற்குச் சிறிது முன்னர், 1913 டிசம்பர் இறுதியில், அவரும் துறைமுகக் கழகத்துத் தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும் நாமக்கல் சென்று, அக்குடும்பத்தார் வழிபடு தெய்வமாகிய நாமகிரித் தாயார் திருக்கோயிலில் மூன்றிரவு துயின்றனர் என்ப. தாயார் கோமளத்தம்மாளும், தம் மகன் மேனாட்டார் நடுவே வீற்றிருப்பதாகவும், மகன் செலவுக்குக் குறுக்கே நில்லற்க எனத் தாயார் ஆணையிட்டதாகவும் கனாக் கண்டனர் என அவர் வரலாறு எழுதினோர் குறிப்பர். கனவின் உண்மையை ஆராய்தல் நம் கருத்தன்று. விதியெனக் கொண்ட ஒன்றை விட்டொழிதற்கு, அதனினும் பெரிய ஆணையொன்று ஒரு தாய்க்கு வேண்டியிருந்தது. அத்துணை வலியுடையது அத்தடை என்பதனை நாம் இதனால் அறிகின்றோம்.

பொருட் குறையும் நீங்கிற்று. பல்கலைக்கழகத்தார் ஆண்டுக்கு 250 பவுன் வீதம் இரண்டாண்டுக்கு உதவித்தொகை வகுத்து, வழிச்செலவும் உடைச்செலவும் வேறாக நல்கினர். துறைமுகக் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அரசியலாரிடம் அவர்க்காக எழுதினர். அவ்வுதவித் தொகையில் 50 பவுன் இங்கிருந்த தம் பெற்றோர்க்கே சேர்தல் வேண்டும் என இராமாநுஜனார் ஏற்பாடு செய்தார். அது திங்களுக்கு ஏறத்தாழ 60 ரூபாய் ஆகும். புறப்படு முன்னரே இருப்பார்க்கு வழிசெய்தமை ஈண்டு நினைவிற் கொள்ளற்பாலது.

அந்நாள்களில் அவர் குடுமி களைந்து, மேனாட்டு உடை அணியவும், முள்ளும் கரண்டியும் கொண்டு உண்ணவும் பழகினார். புலால் உண்ணாமையை மட்டும் விட்டிலர். கப்பல் புறப்படுதற்கு மூன்று நாள் முன்னர், மார்ச் 14 ஆம் நாள், தாயும் மனைவியும் எழும்பூரிற் புகைவண்டி ஏறிக் கும்பகோணம் சென்றனர். அவர் கப்பலேறும் காட்சியை அவ்விருவரும் கண்டிலர். மார்ச் 17 ஆம் நாள், பங்குனித் தொடக்கத்தே, ‘நெவாசா’ என்னும் நீராவிக் கப்பல் அவரை ஏற்றிக்கொண்டு சென்னைத் துறையை விட்டு நீங்கிற்று. பாய்மரத்தார்க்கு வேண்டிய காற்று நீராவிக் கப்பலுக்கு வேண்டுவதன்று. ஆயினும் தொல்காப்பியனார் கூறிய பின்பனியே, இவ்வோதற் பிரிவிற்கும் பொழுதாக வந்து வாய்த்தது. கொழும்பும் சூயஸ் கால்வாயும் கடந்து, ஏப்ரல் 14 ஆம் நாள் அவர் இலண்டனை அடைந்தார். நெவில் எதிர்கொண்டு அழைத்துச் சென்றார்.

மூன்றாண்டு ஐந்தாண்டாயது

கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரியில் ஹார்டியும் லிட்டில்வுட்டும் அவரைப் பேணினர். எனினும் அவர் சென்று நான்கு திங்கள் முடியுமுன்னர், 1914 ஆகஸ்டில், முதல் உலகப்போர் மூண்டது. லிட்டில்வுட் போர்ப்பணி மேற்கொண்டார். காய்கறியும் பாலும் கிடைத்தல் அரிதாயிற்று. தம் உணவைத் தாமே சமைத்துண்ட இராமாநுஜனார்க்குப் புளி முதலியன இங்கிருந்தே செல்லவேண்டியிருந்தன. 1916 இற் பட்டம் பெற்றார். வகுத்த இரண்டாண்டு முடிந்தது. ஆயினும் நீர்மூழ்கிக் கப்பல்கள் உலவிய கடலில் மீளுதல் இடரென்றாயிற்று. 1917 இல் நோய் பற்றியது. அதன்பின் மருத்துவ விடுதிகளிலேயே பெரும்பொழுதும் கழிந்தது.

புகழோ நோயினூடே வந்தது. 1918 ஆம் ஆண்டில் இராயல் சங்கத்தின் உறுப்பினராகவும், பின்னர் டிரினிட்டிக் கல்லூரியின் உறுப்பினராகவும் தெரிந்தெடுக்கப்பட்டார். அப்பொழுதும் ஓதற் பிரிவின் எல்லையாகிய மூன்றாண்டு கடந்து ஓராண்டு சென்றிருந்தது. இங்கிருந்த இல்லத்தின் நிலையோ வேறு. கணவர் எழுதிய மடலும் மனைவி எழுதிய மடலும் ஒருவர்க்கொருவர் சேராது இடையே தடைப்பட்டன எனப் பிற்காலத்து ஜானகியம்மையார் கூறினர். கடலின் அகலத்தினும் அம்மடல்களின் மறைவே பெரிய பிரிவு எனின் மிகையாகாது.

1919 ஆம் ஆண்டு ஜனவரியில், நாடு திரும்புவதன் முன்னர், இராமாநுஜனார் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் விடுத்தார். தமக்கு அவர் வகுத்த 250 பவுன் தம் தேவைக்கு மிக்கதென்றும், பெற்றோர்க்கு 50 பவுன் கொடுத்து இங்கிலாந்துச் செலவு முடிந்தபின் எஞ்சுவதை, ஏழை மாணவர்க்கும் பெற்றோரில்லாப் பிள்ளைகட்கும் பள்ளிச் சம்பளத்தைக் குறைத்தற்கும் நூல் வாங்கிக் கொடுத்தற்கும் செலவிடுக என்றும் அதனுட் கேட்டுக்கொண்டார். நோயுற்று மெலிந்த நிலையில் எழுதியது இது. தாம் கடல் கடந்தது பிறர் பொருளால் என்பதை அவர் மறந்திலர். அப்பொருள் மீளவும் கல்விக்கே பாய வேண்டும் என எண்ணினார். நம் சங்கத்துக் கல்வி நிதியின் தாளில் எழுதிவைத்தற்குரிய செய்தி இது.

மார்ச் 27 ஆம் நாள் அவர் பம்பாயில் வந்திறங்கினார். பங்குனியிற் சென்றவர் பங்குனியிலேயே மீண்டார். இடையே ஐந்தாண்டும் பத்து நாளும் கழிந்தன. அவ்வாண்டில் நம் கொங்குநாட்டுக் கொடுமுடியிற் காவிரிக்கரையிற் சில காலம் தங்கினார். பின் கும்பகோணத்திலும் இறுதியாகச் சென்னைச் சேத்துப்பட்டிலும் இருந்தார். 1920 ஏப்ரல் 26 ஆம் நாள் முப்பத்திரண்டாம் அகவையில் உயிர் நீத்தார். கடல் கடந்து மீண்டவர் கழுவாய் செய்துகொள்ளவில்லை என்னும் காரணத்தாற் சுற்றத்துள் வைதிகர் பலர் ஈமச் சடங்கிற்கு வந்திலர். உலகம் போற்றிய ஒருவரைச் சுடலைக்குக் கொண்டுசெல்லுங்காலும் பழைய தடை அவரை விட்டிலது. இதனினும் கொடியது ஒன்றுண்டோ? சாதிக் கட்டுப்பாடு உயிருடையாரைத் திருத்தற்கு ஏற்பட்டது என்பார், உயிர் நீத்தார்மேலும் அது பாய்ந்த இதற்கு என்ன விடை கூறுவர்?

இருந்தோர் செய்தி

பிரிந்து செல்வாரைப் பற்றியே உலகம் பெரிதும் பேசும். இருந்தாரைப் பற்றிப் பேசிய பெருமை நம் புலவர்க்கு உண்டு. மணிமேகலையில் வரும் சாதுவன் கடலிற் கலம் உடைந்து நாகர் தீவிற் கரையேறினான். அவன் இறந்தான் எனக் கேட்ட ஆதிரை தீப்பாயத் துணிந்தாள். பெரியபுராணத்திற் பரமதத்தன் காரைக்காலினின்று மரக்கலம் ஏறிச் சென்று, பாண்டி நாட்டில் வேறொரு மணம் புரிந்து வாழ, புனிதவதியார் அவன் வரவு நோக்கி இல்லிலே இருந்தார். கடற்செலவின் ஊதியத்தையும் இழவையும் கரையில் இருந்தார் பக்கமும் நின்று கணக்கிட்டனர் அப்புலவர் பெருமக்கள்.

ஜானகியம்மையார் செய்தியையும் அங்ஙனமே நோக்குவாம். கணவர் கப்பலேறியபொழுது அவர்க்கு அகவை பதினைந்து நிரம்பவில்லை. மீண்ட கணவரோடு அவர் வாழ்ந்தது ஓராண்டளவே. அவ்வோராண்டும் நோய்ப்படுக்கையருகே இருந்து பணிசெய்து, அவர் கணக்கெழுதிய தாள்களையெல்லாம் திரட்டி வைத்தார். அவ்விறுதியாண்டின் தாள்கள் கடல் கடந்து கேம்பிரிட்ஜ் சென்று, கிடந்த இடம் அறியாது கிடந்து, 1976 ஆம் ஆண்டில் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கக் கணித அறிஞரால் ரென் நூலகத்திற் கண்டெடுக்கப்பட்டன. இன்றும் அவற்றைக் கணிதர் ஆராய்ந்து வருகின்றனர்.

கணவர் இறந்தபின் அம்மையார் தம் உடன்பிறந்தாரோடு பம்பாயில் இருந்து, ஆங்கிலமும் தையற்றொழிலும் பயின்றார். 1931 இற் சென்னைக்கு மீண்டு திருவல்லிக்கேணியிற் குடியிருந்தார். பல்கலைக்கழகம் அளித்த சிறு உதவித்தொகையோடு, துணி தைத்தே தம் வாழ்வை நடத்தினார். சிறுமியர்க்கும் அத்தொழிலைக் கற்பித்தார். பின்னர் ஒரு மகனைத் தத்தெடுத்து வளர்த்துக் கல்வி அளித்தார். 1994 ஏப்ரல் 13 ஆம் நாள் காலமானார். எழுபத்து நான்கு ஆண்டுக் கைம்மை அது. கணவர்க்குச் சிலையொன்று எடுப்பதாக முன்னர்ச் சொன்ன சொல் நிறைவேறாமையை அவர் 1981 இல் வருந்தி உரைத்தார். அதனைக் கேள்வியுற்ற வெளிநாட்டுக் கணித அறிஞர் பலர் பொருள் தொகுத்துச் செப்புருவம் ஒன்று செய்வித்து அவர்க்கு அளித்தனர்.

நேயர்காள்! துணியால் வாழும் ஊரினர் நாம். தையற்பொறியின்முன் அமர்ந்து பொழுதெல்லாம் உழைக்கும் மகளிர் நம் ஊர்ப்பாங்கரிற் பல்லாயிரவர். ஆதலின் அவ்வம்மையார் வாழ்க்கையின் அருமையை நமக்கு ஒருவர் விரித்துரைக்க வேண்டுவதில்லை. இராமாநுஜனார் கடற்செலவின் விலையிற் பெரும்பங்கு கொடுத்தவர் அவர். உலகோர் எழுதும் வரலாற்றில் அவ்விலை ஓரிரு வரிகளிலே அடங்கிவிடுகின்றது.

நாம் செய்யத்தக்கது

இதுகாறும் கூறியவற்றால், கடல் கடத்தல் தமிழ் மரபிற்குப் புறம்பன்று என்பதும், இடையே புகுந்த தடை அறிவின் வளர்ச்சிக்குப் பெருந்தீங்கு செய்தது என்பதும் போதரும். அத்தடை இந்நாளில் ஒழிந்துவிட்டது. கடலை இன்று பலர் கலத்திற் கடத்தலும் இல்லை. கோயமுத்தூரிலும் சென்னையிலும் விமானம் ஏறி ஓரிரு நாளில் உலகின் மறுகோடியைச் சேர்கின்றனர். முன் ஒரு திங்கள் சென்ற வழி இன்று ஒரு பகலாயிற்று. ஆயின் இருப்பார் கவலை அவ்வளவு குறுகிற்றா? அன்று.

நம் மரபினர் மகனையோ மகளையோ அயல்நாடு விடுக்குங்கால், பயணச்சீட்டிற்கும் கல்லூரிக் கட்டணத்திற்கும் பொருள் தேடுகின்றனர். தறியை ஈடு வைத்தும் கடன் பெறுகின்றனர். அவர் சென்றபின் தறியை ஓட்டுவார் யார், முதியோர்க்கு மருந்து வாங்குவார் யார், வட்டி இறுப்பார் யார் என்பவற்றைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என விட்டுவிடுகின்றனர். மணஞ்செய்து சில திங்களிற் கணவன் செல்ல, வருங்காலம் அறியாது மாமியார் வீட்டிற் காத்திருக்கும் மகளிரும் உளர். அவர் குறையைச் சங்கத்தில் எடுத்துரைப்பார் இலர். இராமாநுஜனார் புறப்படு முன்னரே 50 பவுனை ஒதுக்கியது போல, செல்வார் ஒவ்வொருவரும் இருப்பார்க்குரிய பங்கினை முதலில் ஒதுக்குதல் வேண்டும். எத்துணையாண்டு என்பதை வாய்விட்டு உரைத்துச் செல்லுதல் வேண்டும். எல்லை கடக்க நேரின், அதன் காரணத்தை இருப்பார் அறியச் செய்தல் வேண்டும். கணவன் மனைவியர்க்கிடையே செல்லும் சொல்லுக்கு வீட்டில் ஒருவரும் தடையாகாமை வேண்டும்.

சங்கத்தார்க்கும் கடன் உண்டு. ஒருகாலத்துச் சாதிக் கூட்டங்கள் கூடியது, செல்வானை விலக்கவும் வழியனுப்புவார்மேல் தண்டம் விதிக்கவும். நம் சங்கம் கூடுவது, செல்வார்க்குத் துணைநிற்கவும், அவர் வீட்டில் இருப்பாரைத் திங்கள்தோறும் சென்று கண்டு வேண்டுவன செய்யவும் ஆகுக. வெளிநாடு சென்று பொருளீட்டிய நம் இளைஞரும், இராமாநுஜனார் நோய்ப்படுக்கையில் எழுதிய கடிதத்தை எண்ணி, தம் மிகுபொருளில் ஒரு கூற்றை ஊரிலுள்ள ஏழைப் பிள்ளைகளின் பள்ளிச் செலவிற்கு விடுப்பாராக.

அயல்நாடு செல்லும் நம்மவர் பெயர்களைச் சங்கத்து ஏட்டில் எழுதி வாழ்த்துதல் வழக்கமாக இருப்பின் அது நன்றே. இனி அவ்வேட்டில், செல்வார் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே, வீட்டில் இருப்பார் பெயரையும், அவர்க்கென ஒதுக்கிய தொகையையும், மீளும் ஆண்டையும் உடன் எழுதுவோமாக.